மலிவு மர 'பைப்' வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

சேரப்பணஞ்சேரி-

பழைய சினிமாவில் பணக்கார அப்பா மாடிப்படியில் இறங்கி வந்தால் வாயில் 'பைப்' இருக்கும். தமிழில் சுங்கான் என்பார்கள்.

இன்று அதற்குப் பங்களா தேவையில்லை. செல்போனில் ஆர்டர் கொடுத்தால் சில நூறு ரூபாயில் மர பைப் வீடு தேடி வருகிறது.

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற ரோட்டில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. கார், டயர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு ஆட்கள் போய்வரும் பாதை. "சிகரெட்டை விட்டு பைப்புக்கு மாறினால் செலவும் மிச்சம், கெடுதலும் கம்மி" என்று கணக்குப் போடுகிறவர்கள் மேலே படிக்கவும்.

என்ன மரம்?

உயர்ந்த ரக பைப் 'பிரையர்' கட்டையில் செய்வது. மத்தியதரைக் கடல் ஓரத்துப் புதர்ச்செடியின் வேர்முண்டு அது. நெருப்பைத் தாங்கும். கட்டையை மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் காயவைத்த பிறகே குடைவார்கள். பிரான்சில் செயின்ட் கிளாட் என்ற ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர் போனது.

மலிவு பைப்பில் பெரும்பாலும் சாதாரண மரம்தான். மேலே பளபளவென்று வார்னிஷ். கிண்ணம் சீக்கிரம் சுடும். உள்ளேயும் வார்னிஷ் பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து புகையும்!

புது பைப்பில் முதல் சில தடவை பாதிக் கிண்ணம் மட்டும் போட்டு மெள்ள இழுக்க வேண்டும். உள்சுவரில் கரி படிந்தால்தான் மரம் கருகாமல் தப்பும். அவசரப்பட்டால் நாக்கு வெந்து போகும். பீடித் தூளைப் போட்டால் இன்னும் மோசம். காய்ந்த தூள் குபீரென்று எரியும்.

பத்து நிமிஷ டீ பிரேக்கில் நடக்கிற காரியமா இது?

உதட்டில் புற்று

செலவுக் கணக்கு அப்படி. கெடுதல் கணக்கு?

1795-லேயே ஜெர்மன் டாக்டர் சோமரிங், பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதினார். இன்று டாக்டர்கள் வாய், தொண்டை, நுரையீரலையும் பட்டியலில் சேர்க்கிறார்கள்.

"நான் புகையை உள்ளே இழுப்பதில்லையே" என்று சிலர் சொல்வார்கள். பைப் புகையின் நிகோடின் வாய்த்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். மரம் உசத்தியோ மட்டமோ, புகை ஒன்றுதான்.

200 ரூபாய் அபராதம்

"சட்டம் சிகரெட்டுக்குத்தானே?" என்று கேட்டால், இல்லை. 2003-ம் ஆண்டு புகையிலைச் சட்டத்தில் 'பைப்' என்ற வார்த்தையே இருக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் அமலில் உள்ள விதிப்படி பஸ் ஸ்டாப், ஓட்டல், வேலை செய்யும் இடம் எங்கும் புகைக்கத் தடை. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

புகையையே விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற அரசு உதவி போனில் பேசலாம்.

அதற்குக் காசு கிடையாது!