விரல் அறியும் வித்தை

சென்ற சித்திரையில், வயிற்றுப்போக்கினால் வாடிய ஓட்டப்பிடாரத்து மூதாட்டி ஒருவரை மருத்துவமனையில் காணச் சென்றோம். இளம் செவிலி நான்கு முறை குத்தியும் நரம்பு அகப்படவில்லை. "போதும் தாயி, விட்டுடு" என்றார் மூதாட்டி. செவிலியின் கண்களும் கலங்கின. மூத்த செவிலி வந்து, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, வெதுவெதுப்பான துணி சுற்றி, விரலால் தடவி, ஒரே முறையில் ஊசியை ஏற்றினார்.

நாம் நரம்பு என்பது உண்மையில் சிரையே. கரிசல் வெயிலில் உடலின் நீர் வற்றினால் அது சுருங்கிப் படிந்துவிடும். கண் காணாததை விரல்தான் அறியவேண்டும். 1832இல் ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா, காலரா கண்டோருக்குச் சிரைவழி உப்புநீர் செலுத்திச் சிலரைப் பிழைக்கவைத்தார். இன்று அப்பணி பெரும்பாலும் செவிலியர் கையில் இருக்கிறது. ஊசியைச் சாய்வாக நுழைத்து, இரத்தம் எட்டிப் பார்த்ததும் இன்னும் தாழ்த்தி, மெல்லிய குழாயை மட்டும் உள்ளே நகர்த்தி, ஊசியை உருவிவிட வேண்டும். உருவியதை மீண்டும் செருகலாகாது. குழாயின் நுனி அறுந்து இரத்தத்தோடு போய்விடக்கூடும். இருமுறை தவறினால் கைதேர்ந்தவரை அழைப்பதே முறை. அழைப்பதில் வெட்கமென்ன?

1909இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946இல் பட்டக் கல்லூரியாக உயர்ந்தது. படிப்பு உயர்ந்தாலும் கைப்பழக்கம் ஏட்டில் வாராது. மறுவாரம் நாம் சென்றபோது, அந்த இளம் செவிலி செந்நீர் நிரப்பிய ரப்பர்க் கையொன்றைக் கண்மூடித் தடவிக்கொண்டிருந்தார். மூதாட்டி முன்தினமே வீடு திரும்பியிருந்தார்.