தட்டில் மிஞ்சும் உணவும் போர்க்காலச் சுவரொட்டிகளும்

நண்பகலில் உள்நோயாளிகள் பகுதியில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். பாம்பனிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ பேருந்தில் வந்த தூக்குவாளி திறக்கப்படும். நோயாளி நான்கு கவளம் உண்டதும் கையை எடுத்துவிடுவார். எஞ்சியதைக் கொட்ட மனம் வராமல், உடனிருப்பவர் அதையே தம் உணவாக்கிக்கொள்வார். அல்லது இரவுக்கு ஆகட்டும் என்று மூடி வைப்பார். உணவை வீணாக்கலாகாது என்னும் நல்லெண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணத்தை எவ்வாறு முறையாகக் கடைப்பிடிப்பது என்பதற்கு, நூறாண்டுக்கு முந்திய ஒரு சுவரொட்டி வழி காட்டுகிறது.

1917இல் முதல் உலகப் போரில் இறங்கிய அமெரிக்கா, ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் உணவு நிர்வாகத் துறையொன்றை அமைத்தது. அத்துறையின் சுவரொட்டிகள் இல்லத்துச் சமையலறைகளை நோக்கிப் பேசின. அவற்றுள் ஒன்று ஆறு நெறிகளை வரிசைப்படுத்தியது: சிந்தித்து வாங்குதல், கவனமாகச் சமைத்தல், கோதுமையையும் இறைச்சியையும் குறைத்தல், உள்ளூர் உணவை வாங்குதல், போதிய அளவே பரிமாறுதல், மிஞ்சியதைப் பயன்படுத்துதல். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில் பிரிட்டனில் உணவுப் பங்கீடு தொடங்கியது. அங்கு கேரட்டை மருத்துவராகவே வரைந்து, காய்கறி உண்ணுமாறு மக்களைத் தூண்டினர்.

நம் நாட்டிலும் அந்த நெருக்கடி உணரப்பட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசியின் வரவு நின்றது. சென்னை மாகாணமும் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையும் அந்த அரிசியை நம்பியிருந்தன. அரசு அதிக உணவு உற்பத்தி இயக்கத்தைத் தொடங்கியது. பங்கீட்டு முறையும் வந்தது. 1943இல் வங்காளப் பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. பின்னர் 1965இல், போரும் உணவுத் தட்டுப்பாடும் ஒருசேர வந்தபோது, வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களை வேண்டினார்.

வானம் பார்த்த பூமியான இராமநாதபுரத்துக்குச் சிக்கனத்தைக் கற்பிக்கச் சுவரொட்டி தேவைப்படவில்லை. மிகுதியாகக் கிடைத்த மீனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கினர். பனங்கிழங்கை அவித்து உலர்த்தி வைத்தனர். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினர். வடித்த கஞ்சியும் வீணாகவில்லை. அந்த வழக்கத்துக்கு அறிவியலின் துணையும் உண்டு. குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வகம், டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் தலைமையில் 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்புகளைத் தொகுத்து வெளியிட்டது. நன்கு தீட்டிய பச்சரிசியைக் காட்டிலும் புழுங்கலரிசியில் வைட்டமின் பி1 மிகுதியாகத் தங்குகிறது என்பதும், அரிசியைப் பலமுறை கழுவிக் கஞ்சியையும் கொட்டினால் அச்சத்து வெளியேறிவிடும் என்பதும் ஆய்வுகள் உணர்த்திய உண்மைகள்.

ஆயினும், நலமுள்ளோருக்கு ஏற்ற சிக்கனம் அனைத்தும் நோயாளிக்கு ஏற்றதன்று. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோருக்குக் கருவாட்டின் உப்பு கேடு செய்யும். கருப்பட்டியும் சர்க்கரையே, நீரிழிவு உள்ளோர் அதை அளவின்றி உண்ணலாகாது. கஞ்சியும் இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தக்கூடும். பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளிகள், காய்கறி வேகவைத்த நீரை வடித்துவிடுவதே நல்லது.

அச்சுவரொட்டியின் ஆறு நெறிகளுள் இரண்டை மட்டும் இங்கு நம் நிலைக்கேற்ப எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, போதிய அளவே பரிமாறுதல். பசி மந்தமாக இருக்கும் நோயாளியின் முன் நிறைந்த தட்டை வைத்தால் அவர் மலைத்துப்போவார். சிறு கிண்ணத்தில் சிறிதளவு வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். அவர் கை வைப்பதற்கு முன்பே உங்கள் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மிஞ்சினால்தான் தமக்கு உணவு என்றிருக்கும் நிலை இதனால் நீங்கும்.

இரண்டாவது, மிஞ்சியதைப் பயன்படுத்துதல். நோயாளி உண்ட தட்டில் எஞ்சியதைச் சேமிக்க வேண்டாம். கை படாத உணவாயினும், சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் வைக்க வேண்டாம். நம் கடற்கரை வெக்கையில் சோற்றில் கிருமிகள் விரைவில் பெருகும். அவற்றுள் சில உண்டாக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் பழைய சோறு உண்ணுமுன் மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

உடனிருப்போருக்கு ஒரு சொல். சாஸ்திரி வேண்டிய ஒரு வேளைத் தியாகம் நாட்டு மக்கள் அனைவரும் சேர்ந்து சுமந்த சுமை. நோயாளியின் கட்டிலருகே தனியொருவராய் நாள்தோறும் பட்டினி கிடப்பது அத்தகையதன்று. உங்களுக்கு மயக்கம் வந்தால் நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார்? நாளை காலை அரிசியை அளக்கும்போது நோயாளிக்கு அரைக் கைப்பிடி குறையுங்கள். உங்களுக்குரிய பங்கைக் குறைக்காதீர்கள்.

நோயாளி எதை, எவ்வளவு உண்ணலாம் என்ற ஐயம் எழுந்தால், வார்டுக்கு வரும் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ தயங்காமல் கேளுங்கள்.