செல் சவ்வின் ஒழுங்கமைப்பில் கொலஸ்டிராலின் பங்கு

கொலஸ்டிரால் என்பது விலங்கு செல்களின் சவ்வுகளில் காணப்படும் ஸ்டீரால் வகைக் கொழுப்புப் பொருள் ஆகும். இரத்தத்தில் இதன் அளவு கூடுவது இதய நோயுடன் தொடர்புடையது என்பதால், பலரும் இதைத் தீங்கான பொருளாகவே கருதுகின்றனர். ஆனால் மனித உடலிலுள்ள கொலஸ்டிராலின் பெரும்பகுதி செல் சவ்வுகளில்தான் உள்ளது. சவ்வு அளவுக்கு மீறி இறுகாமலும் தளராமலும் இருக்கவும், அதில் தனித்தனிப் பகுதிகள் உருவாகவும் இது உதவுகிறது.

சவ்வில் அமைந்திருக்கும் முறை

செல் சவ்வு, பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளின் இரண்டு அடுக்குகளால் ஆனது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் தலையும், நீரை விலக்கும் இரண்டு வால்களும் உண்டு. தலைகள் நீர் உள்ள இரு புறங்களையும் நோக்கியிருக்க, வால்கள் நடுவில் மறைந்திருக்கும்.

கொலஸ்டிரால் மூலக்கூறில் 27 கார்பன் அணுக்கள் உள்ளன. நான்கு வளையங்கள் இணைந்த, எளிதில் வளையாத தட்டையான பகுதியே இதன் உடல். ஒரு முனையில் ஹைட்ராக்சில் தொகுதியும் மறுமுனையில் சிறிய வாலும் அமைந்துள்ளன. ஹைட்ராக்சில் தொகுதி பாஸ்போலிப்பிடின் தலைக்கு அருகில் நிற்கும். வளையங்கள் வால்களுக்கு இடையே செருகிக்கொள்ளும்.

செல்லின் வெளிச்சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறுகளில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு கொலஸ்டிரால் ஆகும். உள்ளே இருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வில் இது ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே.

பாய்மத்தன்மை

கொலஸ்டிரால் வெப்பநிலைக்கேற்ப இரு வகையாகச் செயல்படுகிறது. உடல் வெப்பநிலையில், இதன் வளையங்கள் அருகிலுள்ள வால்களின் அசைவைக் கட்டுப்படுத்துகின்றன. இதனால் இடைவெளிகள் அடைபட்டு, நீரில் கரையும் சிறு மூலக்கூறுகள் கசிவது குறைகிறது. வெப்பநிலை குறையும்போது, வால்கள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக் கூழ்போல் உறைவதை இது தடுக்கிறது.

இவ்வாறு உருவாகும் இடைப்பட்ட நிலை 'ஒழுங்குற்ற நீர்ம நிலை' எனப்படும். தேர்த்திருவிழாவில் மக்கள் நெருக்கமாக நின்றாலும் மெல்ல நகர முடிவதுபோல, இந்நிலையில் மூலக்கூறுகள் நெருங்கியிருந்தும் பக்கவாட்டில் நகர்கின்றன.

கொழுப்புத் தெப்பங்கள்

1972-இல் சிங்கர், நிக்கல்சன் ஆகியோர் வெளியிட்ட பாய்ம மொசைக் கோட்பாடு, புரதங்கள் மிதக்கும் கொழுப்புப் பரப்பாகச் சவ்வை விளக்கியது. அப்பரப்பு எங்கும் ஒரே சீராக இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. நேரான வால்களையுடைய ஸ்பிங்கோமையலினுடன் கொலஸ்டிரால் எளிதில் சேர்கிறது. வளைந்த வால்களையுடைய கொழுப்புகளுடன் அவ்வளவாகச் சேர்வதில்லை. இதனால் ஒழுங்குற்ற சிறு பகுதிகள் பிரிந்து, தெப்பம்போல் மிதக்கக்கூடும். சில புரதங்கள் இவற்றில் ஒன்றுகூடுவதால், செல்லுக்குள் செய்தி கடத்துவது எளிதாகிறது என்ற கருத்தை 1997-இல் கை சைமன்ஸ், எலினா இக்கோனென் ஆகியோர் முன்வைத்தனர்.

செயற்கைச் சவ்வுகளில் இப்பிரிவை நுண்ணோக்கியில் காணலாம். உயிருள்ள செல்களில் இவை மிகச் சிறியவை, விரைவில் கலைபவை என்பதால், இவற்றின் இயல்பு பற்றிய விவாதம் தொடர்கிறது.

அளவு மாறும்போது

எண்டோபிளாச வலையில் கொலஸ்டிரால் குறைந்தால், அங்குள்ள உணர்புரதம் அதை அறிகிறது. உடனே கொலஸ்டிராலைத் தயாரிக்கும் மரபணுக்களும், இரத்தத்திலிருந்து அதை உள்ளிழுக்கும் ஏற்பிகளின் மரபணுக்களும் தூண்டப்படுகின்றன. உடல் கொலஸ்டிராலைக் கட்டுப்படுத்தும் முறையைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

கடும் கல்லீரல் நோயுள்ள சிலருக்குச் சிவப்பணுச் சவ்வில் கொலஸ்டிரால் மிகுந்துவிடும். அப்போது சவ்வு விறைத்து, செல்லின் மேற்பரப்பில் முட்கள் போன்ற நீட்சிகள் தோன்றும். மண்ணீரலின் குறுகிய வழிகளில் வளைந்து செல்ல முடியாமல் அச்செல்கள் அழிவதால் இரத்தசோகை உண்டாகிறது.

பிற உயிரிகளில்

தாவரங்களில் சிட்டோஸ்டீரால் போன்றவையும், பூஞ்சைகளில் எர்கோஸ்டீராலும் இப்பணியைச் செய்கின்றன. பெரும்பாலான பாக்டீரியாக்களில் ஸ்டீரால்கள் இல்லை. இவ்வேறுபாடு மருத்துவத்தில் பயன்படுகிறது. ஆம்ஃபோடெரிசின் பி என்னும் மருந்து, கொலஸ்டிராலைவிட எர்கோஸ்டீராலுடன் வலுவாகப் பிணைவதால் பூஞ்சையின் சவ்வைச் சிதைக்கிறது. ஆயினும் கொலஸ்டிராலுடனும் ஓரளவு பிணைவதால், சிறுநீரகப் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளும் ஏற்படலாம்.