அடுத்த பட்டம் இல்லாத வயல்

2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி விளையாட்டைத் தடை செய்தபோது, என் மகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "சனியன் ஒழிஞ்சுது, படிக்கிற வழியைப் பாரு" என்று திட்டினேன்.

நானும் விளையாடியவள்தான். 2011-ல் கல்யாணமாகி சிங்கப்பூர் போன மகள், போகுமுன் பேஸ்புக்கில் 'பார்ம்வில்' கற்றுக் கொடுத்தாள். கம்ப்யூட்டரிலேயே பயிர் வைக்கும் விளையாட்டு. அதில் அவள் எனக்குப் பக்கத்துத் தோட்டக்காரி. ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும் அவள் பயிருக்கு உரம் போட்டுவிட்டு வருவேன். ஸ்ட்ராபெரி நாலு மணி நேரத்தில் விளையும். காலத்தில் அறுக்காவிட்டால் வாடிவிடும். அவள் தோட்டம் வாடிக் கிடந்தால், "உடம்பு சரியில்லையாடி?" என்று உடனே போன் செய்வேன்.

அந்த விளையாட்டுக்கு ஆதாரமான 'பிளாஷ்' மென்பொருள் நிறுத்தப்பட்டதால், 2020 டிசம்பர் 31-ல் பார்ம்வில்லையும் மூடிவிட்டார்கள். கொரோனாவால் மகள் ஊருக்கு வர முடியாத வருஷம் அது. அழுதேவிட்டேன்.

"நம்ம நெல்லு மழையில சாய்ஞ்சப்போகூட நீ அழலியேம்மா!" என்றார் மாமியார்.

"அதுக்கு அடுத்த பட்டம் இருக்கு அத்தை. இதுக்கு இல்லையே!"

சொன்ன பிறகுதான் மகன் ஞாபகம் வந்தது. "யாரோடடா விளையாடினே?" என்று முதல் தடவையாகக் கேட்டேன். பள்ளியில் கூடப் படித்து, வெளியூர் போய்விட்ட சிநேகிதனோடு என்றான். எனக்குச் சுருக்கென்றது.

தோழியரே! பிள்ளைகள் இப்படி வாடி நின்றால், திட்டுவதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

- ஒரு வாசகி, மானாம்பதி.