இந்தக் கோப்பு எந்த வட்டில்?

விண்டோஸில் பென் டிரைவைச் செருகினால் 'ஈ' என்றோ 'எஃப்' என்றோ புதிதாக ஓர் எழுத்து முளைக்கும். யூனிக்ஸில் அது கிடையாது. எத்தனை வட்டுகளைச் சேர்த்தாலும் '/' என்ற ஒரே வேரிலிருந்து கிளைக்கும் ஒரே மரம்தான். புது வட்டை, ஏற்கெனவே உள்ள ஏதாவதொரு கோப்புறையில் ஒட்டுக்கட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் மவுண்ட்.

யூனிக்ஸை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்ப்சனும் 1974இல் வெளியிட்ட யூனிக்ஸ் கட்டுரையிலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் அவர்களுடைய கணினியில் வேர் ஒரு வட்டில் இருந்தது. பயனர்களின் கோப்புகள் வேறொரு பெரிய வட்டில். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பது வெளியே தெரியாது. ஒரு வட்டிலுள்ள கோப்புக்கு இன்னொரு வட்டிலிருந்து ஹார்ட் லிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர், போடப் பார்த்தால்தான் குட்டு உடையும்; அது முடியாது.

அழகான ஏற்பாடு. ஆனால் வட்டு நிரம்பி வழியும்போதும் பழுதானதைக் கழற்றும்போதும் எது எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்பது?

யூனிக்ஸின் வழியில் வந்த லினக்ஸில் நெடுங்காலம் '/ஈடிசி/எம்டேப்' என்ற கோப்பைக் கேட்டார்கள். மவுண்ட் கட்டளை அதில் ஒரு வரி எழுதும். கழற்றும் கட்டளை அந்த வரியை அழிக்கும். வேடிக்கை என்னவென்றால், இயங்குதளத்தின் கெர்னல் இந்தக் கோப்பைச் சீந்துவதே இல்லை. கட்டளையைத் தவிர்த்துவிட்டு ஒரு நிரல் நேராகக் கெர்னலிடமே மவுண்ட் செய்யச் சொன்னால் பட்டியலில் வரி ஏறாது. பழுதுபார்க்க வேர் வட்டைப் படிக்க மட்டும் திறந்திருந்தால் எதையும் எழுதவே முடியாது. நம்பகமான பட்டியல் மிகவும் தேவைப்படும் வேளை அதுதான்!

'/ப்ராக்/மவுண்ட்ஸ்' அப்படியல்ல. எந்த வட்டிலும் இல்லாத கோப்பு அது; படிக்கும் நொடியில் கெர்னல் தன் நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் எம்டேப் என்பதே இதைச் சுட்டும் வெறும் இணைப்பாகிவிட்டது.

பட்டியலே இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு கோப்பின் விவரத்தோடும் ஒரு சாதன எண் உண்டு. லினக்ஸில் '8, 1' என்றால் 'எஸ்டி' என்று பெயர் தொடங்கும் வட்டுகளில் முதலாவதின் முதல் பகிர்வு. ஒரு கோப்புறையின் எண்ணும் அதன் மேலுள்ள கோப்புறையின் எண்ணும் வேறுபட்டால், ஒட்டு அங்கேதான். ஒரே வட்டின் கோப்புறையை அதே வட்டில் இன்னோரிடத்தில் ஒட்டும் 'பைண்ட் மவுண்ட்' மட்டும் இந்தச் சோதனைக்குச் சிக்காது. அதற்குப் பட்டியலைத்தான் பார்க்கவேண்டும்.