லடாக்: அன்று எதிரும் புதிரும்... இன்று ஒரே அணி! லேவும் கார்கிலும் கைகோத்தது ஏன்?

நம்மில் பலரின் பக்கெட் லிஸ்ட்டில் லடாக் பைக் ட்ரிப் கண்டிப்பா இருக்கும். ஆனால், பாங்காங் ஏரி ரீல்ஸில் தெரியாத இன்னொரு லடாக் இருக்கிறது. 2025 செப்டம்பர் 24 அன்று லே நகரில் நடந்த போராட்டம் வன்முறையாக வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிரிழந்தனர். அப்படி என்னதான் கேட்கிறார்கள் லடாக் மக்கள்?

மேப்பில் எங்கே இருக்கு?

வடக்கே காரகோரம் மலைத்தொடரும் சியாச்சினும். கிழக்கே சீனாவின் கட்டுப்பாட்டில் உள்ள அக்சாய் சின். மேற்கே பாகிஸ்தான் வசமுள்ள கில்கித்-பல்திஸ்தான். 2020 ஜூனில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்த கல்வான் மோதல் நடந்ததும் இங்கேதான். அதில் ஒருவர் ராமநாதபுரத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி.

சுமார் 59,000 சதுர கி.மீ. பரப்பில், 2011 கணக்கெடுப்பின்படி வசிப்பவர்கள் வெறும் 2.74 லட்சம் பேர். இமயமலை மழை மேகங்களை மறித்துவிடுவதால் இது ஒரு குளிர் பாலைவனம்.

யார் வசிக்கிறார்கள்?

லே பகுதியில் பௌத்தர்கள் அதிகம். கார்கில் பகுதியில் ஷியா முஸ்லிம்கள் அதிகம். ஆனால், கோடு போட்டுப் பிரிக்க முடியாது. லே கடைவீதியிலேயே பழமையான ஜாமா மசூதி இருக்கிறது. கார்கில் பக்கமுள்ள சன்ஸ்காரில் பௌத்தர்கள்தான் பெரும்பான்மை.

பிரச்சினை எங்கே தொடங்கியது?

ஸ்ரீநகரிலிருந்து ஆளப்படுவதால் புறக்கணிக்கப்படுகிறோம் என்பது லேவின் நீண்ட நாள் குறை. 1989-ல் யூனியன் பிரதேசம் கேட்டுப் பெரிய போராட்டம் வெடித்தது. அப்போது பௌத்த அமைப்பு ஒன்று அறிவித்த முஸ்லிம் சமூகப் புறக்கணிப்பு 1992 வரை நீடித்தது. அந்த வடு ஆறவே நாளானது.

2019-ல் காஷ்மீரிலிருந்து பிரிக்கப்பட்டு லடாக் யூனியன் பிரதேசமானபோது லே கொண்டாடியது, கார்கில் எதிர்த்தது.

அப்புறம் எப்படி ஒன்று சேர்ந்தார்கள்?

கிடைத்தது சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம். முன்பு ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்தில் இருந்த 4 எம்.எல்.ஏ.க்களும் போய்விட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு எம்.பி. வெளியாட்கள் நிலம் வாங்கத் தடையாக இருந்த சிறப்புப் பாதுகாப்பும் நீங்கியது. சாங்தாங் பகுதியில் பஷ்மினா ஆடு மேய்ப்பவர்களுக்கு எல்லைப் பதற்றம் ஒரு பக்கம், 13 ஜிகாவாட் மின் திட்டத்துக்கு மேய்ச்சல் நிலம் போய்விடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

அதனால் லே உச்ச அமைப்பும் கார்கில் ஜனநாயகக் கூட்டணியும் 2021-ல் கைகோத்தன. கோரிக்கைகள் நான்கு: மாநில அந்தஸ்து, ஆறாவது அட்டவணை, உள்ளூர் வேலைகளுக்குத் தனித் தேர்வாணையம், 2 மக்களவைத் தொகுதிகள்.

அது என்ன ஆறாவது அட்டவணை?

சிம்பிளா சொன்னால், நிலம், பண்பாடு போன்றவற்றில் பழங்குடி மக்களின் கவுன்சிலே சட்டம் இயற்ற அரசியலமைப்பு தரும் உரிமை. அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரமில் இது நடைமுறையில் உள்ளது. லடாக் மக்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பழங்குடிகள். அங்கே ஏற்கெனவே உள்ள மலைக் கவுன்சில்களுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை.

2025 ஜூனில் உள்ளூர் மக்களுக்கு அரசு வேலையில் 85 சதவீத இடஒதுக்கீட்டை மத்திய அரசு கொண்டுவந்தது. ஆனால், வேலை மட்டும் போதாது, எங்கள் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நாங்களும் இருக்க வேண்டும் என்கிறார்கள் லடாக் மக்கள். மதத்தால் பிரிந்து நின்ற இரண்டு ஊர்களையும் சேர்த்துவைத்திருப்பது இந்த ஒரு கோரிக்கைதான்.