வீடும் அயலும்

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்” என்னும் பழமொழியை வகுப்பறையிலே எத்தனையோ ஆண்டுகளாக விளக்கி வந்துள்ளோம். அதனையே தலைப்பாக இட்டுக் கட்டுரை எழுதுமாறு மாணாக்கரைப் பணித்துமுள்ளோம். எனினும் அதன் பொருள் எமக்கு முழுமையாக விளங்கியது 2022ஆம் ஆண்டிலேதான்.

எமது பாட்டனார் காலத்தில், யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுபவருக்குத் தெரிவு என்னும் தொல்லை பெரிதாக இருந்ததில்லை. காணி சீதனமாக வந்தது. நிலையம் எடுத்து நாட்கல் வைப்பதற்கு ஊர் ஆசாரியார் இருந்தார். மேசனும் ஓடாவியும் தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்துக்கே வேலை செய்தவர்கள். வேலிக்கு அப்பால் இருந்தவர் மாமனாகவோ சிறிய தந்தையாகவோ இருந்தார். இன்றோ உத்தியோகத்தின் பொருட்டும் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டும் அறியாத ஊருக்குச் சென்று, காணி, கட்டுபவர், அயல் ஆகிய மூன்றையும் நாமே தெரிந்தெடுக்க வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

இடமாற்றம் பெற்று வவுனியாவுக்கு வந்தபோது எமக்கும் அந்நிலையே நேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். இரண்டையும் இணைப்பது ஒரே பெருந்தெரு. ஆயினும் இங்கே மண் வேறு, நீர் வேறு, அயல் வேறு. சில காலம் வாடகை வீட்டில் இருந்தபின், இங்கேயே நிலைப்பதென்று இல்லாளும் நாமும் முடிவு செய்தோம். கையிலிருந்தவை எமது 18 ஆண்டுச் சேமிப்பும், தாலிக்கொடி ஒழிந்த அவருடைய நகைகளுமே. அவற்றை ஒருமுறைதான் செலவிட முடியும். அதில் நாம் விட்ட பிழைகளும் பின்னர்க் கற்றுக்கொண்டவையும், எம்மைப்போற் புதிய ஊருக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

காணியைப் பார்த்தல்

காணி விடயத்தில் நாம் ஓரளவு எச்சரிக்கையாகவே இருந்தோம். வன்னியிலே காணி வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது, அது தனியார் உறுதிக் காணியா, அரச காணியா என்பதாகும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட காணிகள் இங்கே மிகுதி. அனுமதிப்பத்திரக் காணியை விருப்பம்போல் விற்கவோ வாங்கவோ முடியாது. அளிப்புக் காணியாயின் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். “எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்” என்று தரகர் சொல்வதைக் கேட்டு வெள்ளைத் தாளிற் கையெழுத்திட்டுப் பணம் கொடுத்தவர் பலர்.

உறுதிக் காணியாயினும் காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுக்கால உரிமைத் தொடரைச் சட்டத்தரணியைக் கொண்டு பார்ப்பித்தல் நன்று. போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் போனவர்களின் காணிகளில், உரிமையாளர் ஒருவரும் குடியிருப்பவர் ஒருவருமாக இருப்பதுண்டு. பங்காளர் உள்ள காணியாயின் தேசவழமை அவர்களுக்குத் தரும் முற்கொள்ளல் உரிமையையும் மறத்தலாகாது. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனை வரையறுத்துள்ளது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்த பின்பே விற்பனை நடைபெறல் வேண்டும்.

இவற்றையெல்லாம் பார்த்து, 2021 மாசியில் இரண்டு பரப்பு, அதாவது 20 பேர்ச்சஸ் காணியை வாங்கினோம். பத்திரத்தைப் பார்த்தோமேயன்றி, மழையிற் காணியைப் பார்த்தோமில்லை. குளங்களின் நாடாகிய வன்னியில், கோடையிற் சமதரையாய்த் தோன்றும் இடம் மாரியில் வாய்க்காலாய் மாறக்கூடும். எமது காணியின் கீழ்ப்பகுதி ஐப்பசியிற் சேறாகும் என்பதை வாங்கிய பின்னரே அறிந்தோம். அதனால் அத்திவாரத்தை ஒன்றரை அடி உயர்த்த நேர்ந்தது. வயலை நிரப்பி விற்கப்படும் காணியாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வயலை நிரப்புதல் குற்றமாகும்.

காணியை மாரியிற் பார்க்க வேண்டுமாயின், கிணற்றைக் கோடையிற் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லைப்போலன்றி, இங்கே நிலத்தின்கீழ் இருப்பது வன்பாறை. அதன் சிதைந்த மேற்படையிலும் வெடிப்புகளிலுமே நீர் தங்குகின்றது. ஆகவே ஒரு வளவில் ஊறும் நீர் அடுத்த வளவில் ஊறாது போகலாம். ஆவணி, புரட்டாதி மாதங்களில் அயற்கிணறுகளில் எத்தனை முழம் நீர் நிற்கின்றது என்று கேட்டறிதல் வேண்டும். நீரைப் பரிசோதிப்பித்தலும் இன்றியமையாதது. இம்மாவட்டத்தின் சில பகுதிகளில் நீரிற் புளோரைட்டு மிகுதி. அது லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கொதிக்கவைப்பதால் அது நீங்காது.

கட்டுபவரைத் தெரிதல்

எமது பெரும் பிழை இங்கேதான் நிகழ்ந்தது. ஒப்பந்தகாரர் ஒருவர் வந்தார். சதுர அடிக்கு இவ்வளவு என்று மற்றெல்லோரிலும் குறைந்த விலை கூறினார். கைத்தொலைபேசியில் அழகிய வீடுகளின் படங்களைக் காட்டினார். அவ்வீடுகள் எங்கே இருக்கின்றன, அவற்றில் வாழ்பவர் யாவர் என்று நாம் கேட்கவில்லை. எழுத்தில் ஒன்றுமில்லை. “நம்பிக்கைதானே சேர் முக்கியம்” என்றார், நாமும் ஆமென்றோம். 2022 தையில் நாட்கல் வைத்தோம். வேலையிற் பாதிகூட நிறைவேறுமுன் பணத்தின் முக்காற்பங்கு எமது கையைவிட்டுப் போயிற்று.

அவ்வாண்டில் நாட்டுக்கு நேர்ந்ததை வாசகர் அறிவர். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறிற்று. சீமெந்தும் முறுக்குக் கம்பியும் ஓராண்டு முன்னிருந்த விலையிலும் இரண்டு மடங்கிற்கு மேலாயின. டீசலின்றி மணல் ஏற்றும் வண்டிகள் நின்றன. எமது வீடு யன்னல்களுக்கு மேல் லிண்டல் மட்டத்தில் நின்றது. ஒப்பந்தகாரர் முதலில் “நாளை” என்றார்; பின்பு தொலைபேசியை எடுப்பதையும் விட்டார். விலை ஏறியது அவருடைய குற்றமன்று. ஏறிற்று என்று வந்து சொல்லாது மறைந்ததே குற்றம். அத்தகைய நிலைக்கு இடம் வைத்தது எமது குற்றம்.

ஒப்பந்தத்தில் இருவகை உண்டு. பொருளை நாமே வாங்கிக் கொடுத்து வேலைக்கு மாத்திரம் கூலி பேசுவது ஒன்று. பொருளும் வேலையும் சேர்த்து முழுமையாகப் பொறுப்புக் கொடுப்பது மற்றொன்று. எதுவாயினும் எழுத்தில் இருத்தல் வேண்டும். என்ன பொருள், எந்தத் தரம், எத்தனை மாதம், பொருள்விலை ஏறினால் ஏற்றத்தை யார் தாங்குவது என்பன அதில் இருக்க வேண்டும். பெரிய வேலையாயின், 2014ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் ஒப்பந்தகாரர் பதிவு பெற்றவரா என்றும் பார்க்கலாம்.

பணத்தை வேலையின் பின்னே செல்ல விடுதல் வேண்டும். முன்னே செல்ல விடுதல் ஆகாது. போரின் பின் இந்திய அரசின் உதவியாற் கட்டப்பட்ட 50,000 வீடுகளின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் 46,000 வடக்கிற்கும் கிழக்கிற்கும் உரியவை. அங்கே பெரும்பாலும் வீட்டுக்காரரே கட்டுவித்தனர். அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் நிறைவேறியதைப் பார்த்தே பணம் பகுதி பகுதியாக அவர்தம் வங்கிக் கணக்கிற்கு வந்தது. ஏழைக் குடும்பங்கள் பல அம்முறையால் வீடு கண்டன. பட்டம் பெற்ற நாம் அதனைக் கண்ணெதிரே கண்டிருந்தும் கற்கவில்லை.

அயல் என்னும் அரண்

நாம் காணி வாங்கிய நாளில், ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “காணி நல்லது, ஆனால் சூழல் எப்படியோ?” என்றார். சூழல் என்றது மரஞ்செடிகளையன்று. அச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பது எதுவென்பது எம்மவர் அனைவரும் அறிந்ததே. அயலில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தன. வன்னியின் பழைய குடிகள் இருந்தனர். இரண்டு தெரு தள்ளி முசுலிம் குடும்பங்களும் இருந்தன. அன்று நாம் உறவினருக்கு மறுமொழி கூறவில்லை. உண்மையைச் சொல்வதாயின், எமது உள்ளத்திலும் சிறிது ஐயம் இருந்தது.

அதே 2022இல், மாரிக்கு முன் கூரையை ஏற்றிவிடலாம் என்னும் அவசரத்தில், கடன்பட்டு 20 பை சீமெந்து வாங்கி இறக்குவித்தோம். மறுநாள் தீபாவளிக்காக யாழ்ப்பாணம் சென்றோம். அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. விடியும்வரை உறங்கவில்லை. நனைந்த சீமெந்து கல்லாகும். கடன் மாத்திரம் கரையாது. திரும்பி வந்து பார்த்தபோது சீமெந்தைக் காணவில்லை. களவு போயிற்று என்றே எண்ணினோம்.

வேலிக்கு அப்பாலிருந்து முதியவர் ஒருவர் அழைத்தார். 1977ஆம் ஆண்டின் வன்செயலின்போது, தோட்டத்து வீட்டை விட்டுச் சிறுவனாய்ப் பெற்றோருடன் இங்கே வந்தவர். அவரும் மகனுமாக நள்ளிரவில் 20 பைகளையும் சுமந்து தமது முன்னறையில் அடுக்கியிருந்தனர். அவ்வீட்டில் இருந்ததே இரண்டு அறைகள். அன்றிரவு பிள்ளைகள் அடுப்படியில் உறங்கினராம். “மழைக்கு வீடில்லாம நின்னவன் நான். அது எனக்குத் தெரியும் சேர்” என்றார். அதற்குமேல் அதுபற்றி அவர் பேசவில்லை. எமக்கும் பேச்சு எழவில்லை.

அயலைத் தெரிவதற்கு நாம் அன்று கற்ற பாடம், யார் எந்த ஊர், எந்தக் குலம் என்று விசாரிப்பதன்று. அந்த அயல் ஒன்றுகூடி என்ன செய்கின்றது என்று பார்ப்பதே. சனசமூக நிலையத்துப் பத்திரிகை வாசிக்கப்பட்டுக் கசங்கியிருக்கின்றதா? மரணச் சடங்குக்கு உதவும் சங்கம் உண்டா? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக் கூட்டத்திற்குப் பெண்கள் வருகின்றனரா? மாலையிற் பெண்பிள்ளைகள் தனியே வகுப்பிலிருந்து நடந்து வருகின்றனரா? இவற்றை அறியக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அந்தத் தெருவில் நடந்தாற் போதும். இல்லத்தரசிகள் கிணற்றடியிற் கேட்டறிவது அதனினும் மிகுதி.

மழையில் ஒரு பரீட்சை

அம்முதியவரே எமக்கு இரண்டாவது மேசனையும் காட்டினார். அவரிடம் படங்கள் இல்லை. “நான் கட்டின மூண்டு வீடு கிட்டத்தான் இருக்கு. மழை பெய்யேக்க போய்ப் பாருங்கோ” என்றார். கார்த்திகை மாதத்து அடைமழையில், குடை பிடித்துக்கொண்டு இல்லாளும் நாமும் மூன்று வீடுகளுக்கும் சென்றோம்.

இரண்டாவது வீட்டின் கூரை மூலையில் ஒழுக்கின் அடையாளம் ஒன்று இருந்தது. இல்லாள் எம்மைப் பார்த்தார். வீட்டுக்கார அம்மையாரோ, “போன மாரியில ஒழுகினது. சொல்லியனுப்பின அடுத்த நாளே வந்து ஓட்டைக் கழற்றித் திருத்தினவர். காசு வாங்கேல்லை” என்றார். வெளியே வந்ததும் இல்லாள், “இவரே கட்டட்டும்” என்றார். பிழையே விடாத தொழிலாளி உலகில் இல்லை. அழைத்தால் திரும்பி வருபவர் யார் என்பதே கேள்வி.

இம்முறை எல்லாம் எழுத்தில் இருந்தன. பொருள் எம்முடையது, கூலி கட்டங்கட்டமாக. மொத்தக் கூலியில் பத்திலொரு பங்கை ஒரு மாரி கழியும்வரை நிறுத்திவைக்க அவர் தாமே உடன்பட்டார். கொங்கிறீற்று இட்டபின் ஏழு நாள் நீர் ஊற்றுவதில் அவர் காட்டிய கண்டிப்பை எமது வகுப்பறையிலும் நாம் காட்டியதில்லை. கிணற்றிலிருந்து இயன்றவரை விலக்கியே மலக்குழியை அமைத்தார். உள்ளூராட்சி மன்றத்தின் அமைவுச் சான்றிதழையும் பெற்று, 2023 ஆவணியிற் குடிபூர்ந்தோம். பால் காய்ச்சும்போது அடுப்பின் அருகில் இல்லாளுடன் நின்றவர் அயல்வீட்டு முதியவரின் மனைவியார். சூழல் எப்படியோ என்ற உறவினரும் அன்று வந்திருந்தார். அம்மூதாட்டியின் கையாலேயே பால் வாங்கிப் பருகினார்.

அண்மையில், புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர், “உங்கள் வீட்டைக் கட்டியவர் நல்லவரா?” என்று எம்மிடம் கேட்டார். மழை பெய்யும் நாளொன்றில் வருமாறு கூறியுள்ளோம். வடக்கு யன்னலோரத்தில் சிறிது சாரல் அடிக்கும், அதனையும் காட்டுவோம். பின்னர் அயல்வீட்டு முதியவரிடம் அழைத்துச் சென்று, ஒரு தேநீர் அருந்தச் செய்வோம். ஐப்பசி பிறக்கட்டும்.